பழைய போட் எஞ்சின் திக்கித் திணறுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கின் தெலுக் பகாங் படகுத்துறையிலும் பத்து மாவுங்கிலும், தண்ணீரைத் தாண்டி பட்டர்வொர்த் பக்கமும் ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம்.

இங்கே சொல்வதெல்லாம் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பாகம்) வைத்த பழைய டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், 8 முதல் 40 குதிரைத்திறன் எஞ்சின்களுக்கு. ஃபோர் ஸ்ட்ரோக்கின் கதை வேறு.

"எஞ்சின் இருமுது, நடுங்குது. முதல்ல எதைக் கழட்டணும் அண்ணே?"

எதையும் கழற்ற வேண்டாம். முதலில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கோளாறு மெதுவாக ஓடும்போது வருகிறதா, முழு வேகத்தில் வருகிறதா? ஒரு சிலிண்டர் மட்டும் படுத்துவிட்டதா, இரண்டும் சேர்ந்து திணறுகின்றனவா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நம் ஆட்கள் எஞ்சின் லேசாக இருமினாலே கார்புரேட்டரில் கை வைத்துவிடுகிறார்கள். யமஹா 15 போன்ற சிறிய எஞ்சின்களில் ஒரே கார்புரேட்டர்தான் இரண்டு சிலிண்டருக்கும் தீனி போடுகிறது. ஒரு சிலிண்டர் மட்டும் செத்திருந்தால் கார்புரேட்டரைச் சந்தேகிக்க அநேகமாக நியாயமே இல்லை, தீப்பொறி தரும் பிளக் பக்கம் போக வேண்டும். நாங்கள் சொல்லும் வரிசை: பிளக், பெட்ரோல் வரும் வழி, எந்த சிலிண்டர் என்ற சோதனை, அதற்கப்புறம்தான் கார்புரேட்டர்.

"பெட்ரோலும் எண்ணெயும் எவ்வளவு கலக்கணும்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

ஆளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எஞ்சினுக்கு எஞ்சின், வருடத்துக்கு வருடம் அளவு மாறியிருக்கிறது. இப்போது புழக்கத்தில் உள்ள பெரும்பாலான எஞ்சின்களுக்கு 50க்கு 1. அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய், 5 லிட்டருக்கு 100 மில்லி, 24 லிட்டர் தொட்டிக்கு 480 மில்லி. மிகப் பழைய எஞ்சின்கள் 25க்கு 1 கேட்கும். சில மாடல்களில் 100க்கு 1 என்று ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். உங்கள் எஞ்சின் கையேட்டில் உள்ளதுதான் கணக்கு. கையேடு கிடைக்காவிட்டால் 50க்கு 1 வையுங்கள், மிகப் பழைய எஞ்சின் என்றால் 25க்கு 1. கொஞ்சம் புகையும், ஆனால் பிஸ்டன் பிழைக்கும்.

பிஸ்டனும் வளையமும் புதிதாகப் போட்ட எஞ்சினுக்கு முதல் 10 மணி நேரம் 25க்கு 1. கலக்கும்போது பாதிப் பெட்ரோலை ஊற்றி, எண்ணெயை ஊற்றி, குலுக்கி, பிறகு மீதியை ஊற்றுங்கள். எண்ணெயை முதலில் ஊற்றினால் அடியில் படிந்து, முதல் அரை மணி நேரம் புகை மண்டும். பிளக்கும் நனையும்.

"கப்சாய்க்கு ஊத்துற டூ-டி எண்ணெயே கைவசம் இருக்கு. அது போதாதா?"

போதாது. மோட்டார் சைக்கிள் எஞ்சின் காற்றில் ஆறுவது, அதிகச் சூட்டில் ஓடுவது. அந்த எண்ணெயில் சேர்க்கும் பொருட்கள் எரிந்த பின் சாம்பலாக மிஞ்சும். போட் எஞ்சின் கடல்நீரில் குளிர்ந்து கொண்டே ஓடுகிறது. அந்தச் சாம்பல் பிளக் முனையிலும் பிஸ்டன் வளையத்திலும் படிந்து பிடித்துக்கொள்ளும். டப்பாவில் டிசி-டபிள்யூ3 (TC-W3) என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் எந்தப் பிராண்டும் சரி. கரையில் மாட்டிக்கொண்டு வேறு வழியில்லாமல் ஒரு தடவை கப்சாய் எண்ணெய் ஊற்றி வீடு வந்து சேர்ந்தால் எஞ்சின் செத்துவிடாது. வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

"ரோன் 97 போட்டா சரியாகிடுமா?"

ஆகாது. இந்த எஞ்சின்களுக்கு ரோன் 95 தாராளம். பெட்ரோல் புதிதா பழையதா என்பதுதான் முக்கியம். எண்ணெய் கலந்த பெட்ரோல் நம் வெயிலில் இரண்டு மூன்று மாதம் தொட்டியில் கிடந்தால் ஆவி போய், பிசின் பிடித்து, வார்னிஷ் வாடை அடிக்கும். அதை எஞ்சினுக்குக் கொடுக்காதீர்கள்.

"பிளக்கைப் பார்த்தே கோளாறைச் சொல்லலாம்னு சொல்றாங்களே, எப்படி?"

பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, இரண்டு பிளக்கையும் கழற்றி, எது மேல் சிலிண்டர் எது கீழ் சிலிண்டர் என்று குழப்பாமல் ஒரு துணியில் வரிசையாக வையுங்கள். வெளிர் பழுப்பு, அதாவது தே தாரேக் நிறம் இருந்தால் நலம். இரண்டும் கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ அதிகம், அல்லது சோக் (காற்றைக் குறைக்கும் மூடி) முழுதாகத் திறக்கவில்லை. ஒன்று பழுப்பாகவும் மற்றது ஈரமாகவும் இருந்தால் ஈரமான சிலிண்டரில் தீப்பொறி இல்லை. வெள்ளை வெளேர் என்று சுட்டுப்போயிருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, அல்லது எஞ்சின் சூடேறுகிறது. ஒன்று மட்டும் கழுவி விட்டது போல் பளிச்சென்று இருந்தால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் தலைமூடிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) வழியாக அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகிறதா என்று பாருங்கள். முனையில் சாம்பல் நிற உலோகத் துகள் ஒட்டியிருந்தால் அது உருகிய பிஸ்டன். அதற்கு மேல் கயிற்றை இழுக்காதீர்கள்.

யமஹா 15க்கு என்.ஜி.கே. பி7எச்எஸ்-10 போடுவார்கள். கடைசியில் உள்ள 10 என்பது 1.0 மி.மீ. இடைவெளி, 7 என்பது சூட்டு எண். என்.ஜி.கே.யில் எண் கூடக்கூட பிளக் குளிர்ச்சியானது. "8 இருக்கு, அதுவும் அதே சைஸ்தான்" என்று கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள், மெதுவாக ஓட்டும்போது கரி பிடிக்கும். பிளக் மலிவான சாமான். பழையதை பிரஷால் தேய்த்துத் தேய்த்து ஓட்டுவதில் மிச்சமாகும் சில வெள்ளி, நடுக்கடலில் நின்றால் இழுத்து வரும் படகுக்கூலிக்குக் காணாது.

"பத்து நிமிஷம் ஜோரா ஓடுது, அப்புறம் மூச்சடைச்ச மாதிரி நின்னுடுது. கொஞ்ச நேரம் விட்டா மறுபடியும் ஓடுது."

தொட்டி மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறந்தீர்களா? சிரிக்க வேண்டாம், இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் நிறையப் பேருக்கு விடை அதுதான். திருகு மூடியிருந்தால் பெட்ரோல் குறையக் குறைய தொட்டிக்குள் காற்றழுத்தம் இறங்கி, பம்ப்பால் இழுக்க முடியாமல் போகும்.

திறந்தும் அப்படியே என்றால், எஞ்சின் திணறும் நேரத்தில் பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் குமிழைப் பாருங்கள். குமிழ் சப்பி உள்ளே ஒடுங்கியிருந்தால் அடைப்பு தொட்டிப் பக்கம்: தொட்டிக்குள் உறிஞ்சு குழாயின் வலை, குழாய் இணைப்பு, அல்லது உள்சுவர் உரிந்து மடிந்த குழாய். குமிழ் மெத்தென்று இருந்து, கையால் அழுத்த அழுத்த எஞ்சின் உயிர் பெற்றால் எஞ்சினில் உள்ள பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கலாம், அல்லது வழியில் எங்கோ காற்று புகுகிறது. இணைப்பின் ஓ-ரிங்கும் குழாயின் வளைவில் விழும் வெடிப்பும்தான் வழக்கமான ஓட்டைகள். குமிழின் மேலுள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்க்க வேண்டும். அழுத்தும்போது அம்பு மேல்நோக்கி இருக்கும்படி பிடித்தால்தான் உள்ளிருக்கும் வால்வு சரியாகப் பிடிக்கும்.

"ரெண்டு சிலிண்டரும் வேலை செய்யுதான்னு வீட்டிலேயே பார்க்க முடியுமா?"

முடியும். எஞ்சின் கால் தண்ணீரில் இருக்க வேண்டும், ஒரு டிரம் போதும். வாயுவும் ஆவியும் இல்லாத திறந்த இடத்தில் செய்யுங்கள். எஞ்சினை நிறுத்தி, மேல் பிளக்கின் தொப்பியைக் கழற்றி, அதில் ஒரு உபரி பிளக்கைச் செருகி, அதன் உலோக உடலை எஞ்சின் உடம்போடு வயரால் இறுகக் கட்டி எர்த் கொடுங்கள். எஞ்சினைக் கிளப்பிச் சத்தத்தைக் கேளுங்கள். பிறகு கீழ் சிலிண்டருக்கும் அப்படியே. எதைக் கழற்றியபோது எஞ்சினில் எந்த வித்தியாசமும் தெரியவில்லையோ, அதுதான் செத்த சிலிண்டர்.

ஓடும்போது தொப்பியை வெறுங்கையால் பிடுங்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. ஷாக் அடிப்பது ஒரு பக்கம், மின்சாரம் போக வழியில்லாமல், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலும் சிடிஐ பெட்டியும் சேதமாகும். இன்னொன்று: ஒரே காயிலிலிருந்து இரண்டு வயர் போகும் எஞ்சினில் ஒன்றை எர்த் இல்லாமல் தொங்கவிட்டால் மற்றதும் நின்றுவிடும், சோதனை உங்களை ஏமாற்றும்.

செத்த சிலிண்டர் தெரிந்ததும் இரண்டு பிளக்கையும் இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறும் இடம் மாறினால் பிளக். மாறாவிட்டால் தொப்பியைக் கழற்றுங்கள். அநேகமாக அது வயரில் திருகிப் பொருத்தியதுதான். உள்ளே உப்பு பூத்துப் பச்சை பிடித்திருந்தால் வயர் நுனியை 5 மி.மீ. வெட்டிப் புதுத் தொப்பி போடுங்கள்.

"ஸ்லோவுல நின்னு நின்னு போகுது, முறுக்கினா பறக்குது. என் மச்சானுக்கு நேர் எதிரா இருக்கு. ரெண்டுக்கும் ஒரே மருந்தா?"

ஒரே மருந்து இல்லை. மெதுவாக ஓடும்போது பெட்ரோல் கார்புரேட்டரின் சின்ன ஜெட் (துளையிட்ட பித்தளைத் திருகு) வழியாக வருகிறது. அதன் துளை ஊசிமுனை அளவு, அதனால் முதலில் அடைவது அதுதான். உங்களுக்கு அது. மச்சானுடையது மெதுவில் நன்றாக ஓடி, முறுக்கினால் படுத்துவிடுகிறது என்றால் பெரிய ஜெட் அடைப்பு, அல்லது முந்தின கேள்விகளில் சொன்ன பெட்ரோல் தட்டுப்பாடு, அல்லது ஒரு சிலிண்டர் செத்தது. ஒற்றைச் சிலிண்டரில் ஓடும் எஞ்சின் மெதுவில் ஒப்பேற்றும், சுமை வந்ததும் காட்டிக்கொடுக்கும்.

ஒரு சின்னச் சோதனை. எஞ்சின் திணறும்போது சோக்கைப் பாதி இழுங்கள். சீரானால் பெட்ரோல் பற்றவில்லை, ஜெட் அடைப்போ காற்றுக் கசிவோ உண்டு. மோசமானால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். கார்புரேட்டர் வழியாக "டப்" என்று தும்முவதும் பெட்ரோல் பற்றாததின் அடையாளமே.

"கார்புரேட்டரை நானே கழுவலாமா, பட்டறைக்கே கொண்டு போகணுமா?"

பொறுமை இருந்தால் நீங்களே செய்யலாம். கழற்றும் முன் ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படம் பிடியுங்கள். முதலில் அடிக்கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து, வரும் பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டு நின்றால் தண்ணீர். அப்படியென்றால் தொட்டியையும் காலி செய்யாமல் கார்புரேட்டரைக் கழுவுவது வீண்.

மெதுவோட்டத் திருகைக் கழற்றும் முன், அதை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். ஒன்றரைச் சுற்று என்பது பொதுவான அளவு, ஆனால் உங்கள் எண்ணிக்கைதான் உங்களுக்கு வேதம். முட்டியதும் நிறுத்துங்கள். இறுக்கினால் ஊசிமுனையில் வரி விழுந்துவிடும், அப்புறம் எந்த அளவும் நிற்காது.

கிண்ணத்தைக் கழற்றி, மிதவை, ஊசி வால்வு, பெரிய ஜெட், சின்ன ஜெட் எல்லாவற்றையும் எடுங்கள். சில மாடல்களில் சின்ன ஜெட் ஒரு ரப்பர் மூடிக்குள் ஒளிந்திருக்கும். அதைப் பார்க்காமல் "கழுவிட்டேன்" என்கிறவர்கள் அதிகம். ரப்பர் சாமான்களைத் தனியே வைத்துவிட்டு, மற்றதற்கு கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிட்டு, ஒவ்வொரு துளையிலும் காற்றடியுங்கள். ஒரு துளையில் அடித்தால் இன்னொன்றில் வெளிவர வேண்டும். ஜெட்டைக் குத்தக் கம்பியோ ஊசியோ வேண்டாம், பித்தளை அகண்டுவிடும். மெல்லிய தங்கூசி நரம்பு போதும், அதுதான் மீன்பிடிப் பெட்டியிலேயே இருக்கிறதே. மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் மாற்ற வேண்டும். ஊசி வால்வின் ரப்பர் முனையில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தாலும் அப்படியே. கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள்.

பொருத்திய பின் எஞ்சினைச் சூடாக்கி, தண்ணீரில், கியர் போட்டு, மெதுவோட்டத் திருகை எட்டில் ஒரு சுற்றாக நகர்த்துங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 15 வினாடி காத்திருந்து சத்தத்தைக் கேளுங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் பெட்ரோல் கூடும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், ஆகவே காதுதான் அளவுகோல்.

"எல்லாம் கழுவியாச்சு. இன்னும் ஸ்லோவுல நிக்க மாட்டேங்குது லா!"

அப்படியானால் கார்புரேட்டருக்குப் பின்னால் பாருங்கள். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட்டில் காற்று புகலாம். ஓடும்போது அந்த விளிம்பில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். ஓட்டத்தின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் பின்னோக்கித் துப்பினால் ரீட் வால்வின் (உள்ளே போன கலவை திரும்பி வராமல் தடுப்பது) இதழ் ஒடிந்திருக்கும் அல்லது மடிந்திருக்கும். ஒடிந்த துண்டு உள்ளே போயிருந்தால் தேடி எடுக்காமல் ஓட்டக்கூடாது. கிராங்க் சீல் தேய்ந்திருந்தாலும் இதே தொல்லைதான், அது பட்டறை வேலை.

தெர்மோஸ்டாட்டையும் (எஞ்சின் சூட்டுக்கேற்பத் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு) மறக்காதீர்கள். அது திறந்தபடி மாட்டிக்கொண்டால் எஞ்சின் சூடே ஏறாது, பிளக் நனையும், மெதுவில் தடுமாறும். கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டுப் பாருங்கள். அதன் மேல் பொறித்த சூட்டில் திறந்து, ஆறியதும் மூட வேண்டும்.

"இருபது நிமிஷம் ஓடினா ஒரு சிலிண்டர் போயிடுது. ஆறினதும் வந்துடுது. பெட்ரோல் பிரச்சினையா?"

காற்றுத் திருகு கோளாறில் எஞ்சின் முழுதாக நிற்கும். ஒரு சிலிண்டர் மட்டும் போய்த் திரும்பினால் அது மின்சாரம். காயிலுக்குள் சுற்றிய கம்பியில் நுண்ணிய முறிவு, சூட்டில் விரிந்து பிரிகிறது, ஆறியதும் ஒட்டிக்கொள்கிறது. ஆறிய எஞ்சினை மல்டிமீட்டரால் அளந்து "நல்லா இருக்கு" என்று சொல்வதில் பயனில்லை. கோளாறு வந்த அந்த நிமிடமே மேலே சொன்ன உபரி பிளக்கால் தீப்பொறியைப் பாருங்கள், சூட்டோடு சூடாக ஓமையும் அளவெடுங்கள்.

காயில் வாங்கும் முன் ஸ்டாப் சுவிட்சையும் விலக்கிப் பாருங்கள். உப்பு ஏறிய சுவிட்ச் சில சமயம் எஞ்சினையே விட்டு விட்டு நிறுத்தும். யமஹாவில் அதற்குப் போவது வெள்ளை வயர். கழற்றிவிட்டால் சுவிட்சால் எஞ்சினை நிறுத்த முடியாது, சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். கழற்றிய நிலையில் கடலுக்குப் போகாதீர்கள். கியரில் ஓடும்போது நீங்கள் தூக்கி எறியப்பட்டால் படகு உங்களை விட்டுவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

"பின்னாடி பீய்ச்சுற தண்ணி மெலிஞ்சிடுச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?"

உண்டு. சூடேறும் எஞ்சின் முதலில் வலுவிழக்கும், பிறகு இறுகும். முதலில் தண்ணீர் பீய்ச்சும் அந்தச் சிறு துளையைத் தங்கூசியால் குத்திப் பாருங்கள். பாதி நேரம் அடைப்பு அங்கேதான். வற்று நேரத்தில் பத்து காவான் பக்கம் சேற்றை உழுது வந்தாலோ, ஜெல்லி மீனோ பிளாஸ்டிக் பையோ உறிஞ்சு வாயை மூடினாலோ இப்படி ஆகும்.

துளை சுத்தமாக இருந்தும் மெலிந்திருந்தால் கோளாறு தண்ணீர் பம்ப்பின் இம்பெல்லரில் (சுழலும் ரப்பர் இதழ்ச் சக்கரம்). வருடம் ஒரு முறை மாற்றுங்கள். பழையதில் இதழ் ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு மேலே குழாயில் எங்கோ இருக்கிறது, அதையும் தேடுங்கள். புதியதைச் சோப்புத் தண்ணீர் தடவி, தண்டு சுழலும் திசையிலேயே திருப்பியபடி கூட்டுக்குள் இறக்குங்கள். தண்ணீர் இல்லாமல் "ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறேன்" என்று கிளப்பினால் புது இம்பெல்லர் அங்கேயே கருகும்.

"எஞ்சின் கத்துது, போட் நகர மாட்டேங்குது. இதுவும் எஞ்சின் கோளாறா?"

இல்லை. புரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் வழுக்குகிறது. புரொப்பெல்லருக்கும் நடுக்குழலுக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டு, ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் அதுதான். புரொப்பெல்லரைக் கழற்றிய கையோடு தண்டில் தங்கூசி சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது சீலை அறுத்து கியர் எண்ணெய்க்குள் தண்ணீர் விடும், எண்ணெய் பால் கலந்தது போல் வெளுக்கும்.

"கம்ப்ரஷன் எவ்வளவு இருந்தா செலவு பண்ணலாம்?"

கம்ப்ரஷன் என்பது பிஸ்டன் சிலிண்டருக்குள் எழுப்பும் அழுத்தம். இரண்டு பிளக்கையும் கழற்றி, தொப்பிகளை எர்த் செய்து, திராட்டிலை முழுதாகத் திறந்து, பிளக் துளையில் பொருத்திய அழுத்த மீட்டரின் முள் ஏறுவது நிற்கும்வரை கயிற்றை இழுங்கள். 100 பிஎஸ்ஐக்கு மேல் இருந்தால் பொதுவாகத் தேவலை. அதைவிட முக்கியம், இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம். ஒன்று 115, மற்றது 110 என்றால் கவலை இல்லை. ஒன்று 115, மற்றது 80 என்றால் கார்புரேட்டர், காயில் எதற்கும் காசைக் கொட்டாதீர்கள். வளையம், பிஸ்டன் அல்லது ஹெட் கேஸ்கெட்டைப் பார்த்த பிறகுதான் மற்றது. ஒட்டிப்போன வளையமாக இருந்தால் கரி நீக்கும் திரவத்தைத் துளைவழி ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு மறுபடி அளந்து பார்க்கலாம். சில சமயம் ஏறும்.

"யூடியூப்ல தமிழ்நாட்டு மீனவர்கள் மண்ணெண்ணெயில ஓட்டுறாங்க. நாமும் கலந்தா மிச்சம்தானே?"

அங்கே ஓடுவது மண்ணெண்ணெய்க்கென்றே செய்த எஞ்சின். கம்ப்ரஷன் குறைவு, பெட்ரோலில் கிளப்பிச் சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நம் பெட்ரோல் எஞ்சினில் ஊற்றினால் டக்டக் என்று தட்டும், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

"எஞ்சின் கழண்டு கடல்ல விழுந்துடுச்சு. தூக்கிட்டோம். காய வச்சிட்டு அடுத்த வாரம் பார்க்கலாமா?"

காயவே விடாதீர்கள். உப்புத் தண்ணீரோடு காற்று பட்டால் பேரிங்கில் சில மணி நேரத்திலேயே துரு பிடிக்கத் தொடங்கும். மூடியைக் கழற்றி நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவி, பிளக்குகளை எடுத்து, பிளக் துளை கீழே பார்க்கும்படி சாய்த்து, ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுற்றித் தண்ணீரை வடியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கியது என்றால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கலாம். சுற்றும்போது எங்காவது முட்டினால் பலவந்தம் செய்யாமல் நிறுத்துங்கள்.

முட்டாமல் சுற்றினால் கார்புரேட்டரையும் குழாயையும் காலி செய்து, துளைகளில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் ஊற்றிச் சுற்றி வடித்து, பிறகு பெட்ரோலில் கலக்கும் போட் எஞ்சின் எண்ணெயை ஊற்றிச் சுற்றுங்கள். புது பிளக், புது பெட்ரோல் போட்டு அன்றைக்கே கிளப்பி, அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அன்றைக்கு முடியாது, மெக்கானிக் நாளைக்குத்தான் வருவார் என்றால் எஞ்சினை நல்ல தண்ணீர் நிரம்பிய டிரம்மில் முழுதாக முக்கி வையுங்கள். மெக்கானிக் வந்து கேட்டால் எப்போது விழுந்தது, எத்தனை மணிக்கு டிரம்மில் போட்டீர்கள் என்று சரியாகச் சொல்லுங்கள்.